நான்கு மூலை மஞ்சள்

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரில், வக்கீல் அலுவலக மேசையில், ராக்கெட்டில் போய்த் திரும்பாத என் அண்ணன் முகிலன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் அதன் நான்கு மூலை மஞ்சளும் பளிச்சென்று தெரிகிறது. அனுமன் சன்னதியில் வைத்து, ராகுகாலம் கழித்துப் போட்ட கையெழுத்து. "செத்தா கம்பெனி பொறுப்பில்லைன்னு இருக்கும்மா. ராக்கெட் விடுற லைசென்ஸ் ரூல்படி, ஆபத்து தெரியும்னு எழுதி வாங்காம யாரையும் ஏத்தவே முடியாது. கேஸ் நிக்காது" என்கிறார் வக்கீல் மீனாக்ஷி ஆன்ட்டி. "டிக்கெட்டுன்னு நெனச்சுல்ல பூசை பண்ணுனோம் ஆன்ட்டி!" என்கிறாள் அண்ணி. குடும்பத்திலேயே முதலில் காலேஜுக்குப் போனவள் நான். படித்துக் கிழித்தேன். இந்த நாற்பது பக்கத்தைப் படிக்காமல் மஞ்சளைத்தான் குழைத்துக் கொடுத்தேன். ஆன்ட்டி தாள்களை உறைக்குள் தள்ளுகிறார். விரலில் ஒட்டிய மஞ்சளை டிஷ்யூவால் துடைத்துக் குப்பைக்கூடையில் போடுகிறார்.