யார் அந்த க்ளெம்?

பக்கவாதத்தில் விழுந்த வில்ஃப்புக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது.

"க்ளெம்... க்ளெம்..."

காலையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள் மனைவி மாட்.

"முப்பது வருஷம் லண்டன்ல உங்களோட குடும்பம் நடத்திட்டு, இப்ப உங்க சொந்த ஊர் லங்காஷயருக்கும் வந்துட்டேன். யாருங்க அந்த க்ளெம்? உங்க பழைய சிநேகிதியா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டா மட்டும் தூக்கம் வந்துடும்."

பக்கத்தில் ஓட்ஸ் கஞ்சி தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த நெல்லி நிமிர்ந்தாள்.

"அது ஆள் பேரு இல்லம்மா. எங்க ஊர்ப் பழைய பேச்சு. 'க்ளெம்'னா முதல்ல இறுக்கிப் பிடிக்கிறதுன்னு அர்த்தம். அப்புறம், பசி வயித்தைக் கிள்ளுறதுக்கு அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க."

மாட் கஞ்சியை எடுத்தாள். கரண்டி அருகில் வருமுன்பே வில்ஃப் வாயைத் திறந்தார்.