சொந்த உபயோகம்

ஒரு ஆள் எப்போது சாவான் என்பதை வரிக்கணக்கைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எமனே என்னிடம் நகல் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவான். நான் வரிக்கணக்கு எழுதும் சவப்பெட்டி வியாபாரி மிக்கேல் மலேசியாவிலிருந்து நூறு பெட்டி இறக்கினார். விற்கிற சரக்கென்றால், துறைமுகத்தில் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

“தொண்ணூற்றொன்பதுக்கு மட்டும் எடும்வே” என்றார்.

“மிச்சம் ஒன்று?”

“அது சொந்த உபயோகம். அதுக்கு வரியைத் திரும்பக் கேட்டா தப்பில்லையா?”

அன்றே அவர் மகன் ரூபனிடம் அந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லி, அப்பாவை டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

“நேத்துகூட மாடி ஏறி தண்ணித்தொட்டி கழுவுனாரு. சும்மா அளக்காதீங்க அண்ணாச்சி” என்று சிரித்தான்.

ஒன்பதாம் நாள் காலை, கிடங்குச் சாவியோடு வந்து நின்றான்.

“நீங்க சொன்னது நெசந்தான் அண்ணாச்சி. நூறும் ஒண்ணுபோல இருக்கு. அதுல அப்பாவோடது எது?”