பதின்மூன்று படி

கடற்காற்றின் விலை பதின்மூன்று படி. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷம், படிக்கு இரண்டே கால் ரூபாய் என்று கொத்தனாரிடம் அடித்துப் பேசி மொட்டைமாடிக்குக் கட்டியவன் நான். மார்பில் புற்று வந்து, சென்னை ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்துத் திரும்பிய என் மனைவி பத்ருன்னிசா, பதினேழு படி என்றாள்.

"களைப்புல தப்பா எண்ணுறே."

"அப்ப நீங்களே பாருங்க மச்சான்."

படிக்கொரு புளியங்கொட்டை வைத்து, நின்று நின்று ஏறினாள். நான் பின்னாலேயே படிக்கு ஒன்றாகப் பொறுக்கினேன். படி பதின்மூன்று, கையில் கொட்டை பதினேழு.

டாக்டரிடம் களைப்பை மட்டும் சொன்னேன். "நோய் ஒண்ணு, ரத்தக்குறைவு ஒண்ணு, தூக்கமில்லாதது ஒண்ணு, கவலை ஒண்ணு" என்று நான்கு விரல் மடக்கினார். எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

இரும்பு டானிக் குடித்தாள், பதினாறு ஆனது. வலிக்கு மாத்திரை போட்டு நன்றாகத் தூங்கினாள், பதினைந்து.

"ஒன் கவலை என்ன விலை, புள்ளே?"

"ஒங்களுக்குச் சும்மாவே தர்றேன், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சிரித்தாள்.

வாழ்நாளில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் வாங்கினேன்.

மறுநாள் அவள் பதினாலு கொட்டையில் மாடிக்குப் போய்க் காற்றில் உட்கார்ந்தாள். கொட்டை வைத்துக்கொண்டே நானும் ஏறினேன்.

அவளுக்குப் பதினாலு. எனக்கும் பதினாலு.