உப்பு லாரி மேல் ஒரு கோச்

"கோச் இல்லன்னா பந்து உருளாதா என்னப்பா?"

இடைவேளையில் அணியின் அறைக்குள் வந்து கேட்டார் பஷீர் அஹமது. கோட்டக்குப்பத்து வியாபாரி. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி மைதானம் போட்டு, சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுத்து, கால்பந்து கிளப் நடத்துகிறவர்.

"உருளுது பாய். எந்தப் பக்கம் உருட்டுறதுன்னுதான் தெரியல" என்றான் கேப்டன் நிஷாத். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள்.

கோச் தங்கராசு போன மேட்சில் ரெஃப்ரியோடு மல்லுக்கு நின்றவர். அதனால் இன்று மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடை. போனிலும் கிடைக்கவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோங்க. தோத்தீங்கன்னா, ஒழுங்கா சொல்லித்தராத கோச் எனக்கு எதுக்கு? ஜெயிச்சிட்டீங்கன்னா, அவர் இல்லாமலே ஜெயிக்கிற டீமுக்கு கோச் எதுக்கு? எப்படியும் நாளைக்கு வேற ஆளைப் பார்க்கப் போறேன்."

பெஞ்சிலேயே உட்கார்ந்து காலம் தள்ளிய நிஷாத்தை கேப்டன் ஆக்கியவர் தங்கராசு.

"அவர் போயிட்டா நாங்க அவ்ளோதான் பாய்."

"அப்படி என்னதான்பா இருக்குது அந்த மனுஷங்கிட்ட?" பஷீருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஃபார்வர்ட் பிரபாகரன் கத்தினான். "டேய் நிஷாத், வெளியே பாருடா! கோச்!"

மதில் சுவருக்கு அப்பால், உப்பளத்தில் நின்ற லாரியின் மேல் ஒருவர் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டிருந்தார். வெயிலும் உப்பின் வெள்ளையும் கண்ணைக் கூசச் செய்ததில் முகம் தெரியவில்லை. முகம் எதற்கு, துண்டு போதாதா? பக்கத்து மீனவ ஊரான அனுமந்தையில் கரையில் நிற்பவர், மீன் எந்தப் பக்கம் என்று துண்டு வீசித்தான் படகுக்குக் காட்டுவார். அந்த ஊர்க்காரரான தங்கராசு, பயிற்சியிலும் சிவப்புத் துண்டை வீசியே ஆட்களை நகர்த்துவார்.

துண்டு இடப்பக்கம் அசைந்தது. பந்து இடப்பக்கம் போனது. 'பின்னால வா, வா' என்றது. மொத்த அணியும் பின்வாங்க, எதிரணி குஷியாக ஏறி வந்தது. சட்டென்று துண்டு வலப்பக்கம் சுழன்றது. அங்கே காவலுக்கு ஒருவரும் இல்லை. பிரபாகரன் பாய்ந்தான்.

கோல்!

அதே போல இன்னொன்று. ஆட்டம் முடிந்தபோது பஷீர் மைதானத்துக்குள் ஓடியே வந்துவிட்டார்.

"என்னப்பா பண்ணீங்க? முதல் பாதியில தூங்கிட்டிருந்தீங்களே!"

"நாங்க எங்க பாய் பண்ணோம்? கோச் பண்ணாரு. லாரி மேல நின்னாரே, நீங்க பார்க்கலியா?"

"பார்த்தேன்... அது அவரா? யா அல்லாஹ்! உள்ள விடலன்னதும் இந்த வெயில்ல லாரி மேலயா ஏறி நின்னாரு? இவரையா அனுப்பப் பார்த்தேன்!"

அப்போது தலையெல்லாம் மணலோடு தங்கராசு உள்ளே நுழைந்தார். பஷீர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"தங்கராசு, நான் இருக்கிற வரைக்கும் நீங்கதான் இங்க கோச். இப்பத்தாங்க புரிஞ்சது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் வெளியே போனதும், தங்கராசு பேந்தப் பேந்த விழித்தார்.

"டேய் நிஷாத், என்னடா ஆச்சு இவருக்கு?"

"லாரி மேல நின்னு ஜெயிக்க வெச்சீங்களே, அதான் கோச்."

"எந்த லாரிடா? தோத்துடுவோமேன்னு பயந்து, போனை ஆஃப் பண்ணிட்டு அனுமந்தை பீச்சுல கவுந்து படுத்திருந்தேன்டா!"

நிஷாத் மெல்லத் திரும்பி மதில் சுவருக்கு அப்பால் பார்த்தான். லோடு ஏற்றிய லாரியின் மேல் நின்ற லோடுமேன், குறுகலான பாதையில் ரிவர்ஸில் வந்த அடுத்த லாரிக்குச் சிவப்புத் துண்டை வீசிக் கத்திக்கொண்டிருந்தார்:

"லெஃப்ட்ல ஒடி... பின்னால வா, வா... இப்போ ரைட்ல ஒடி!"