எறும்பு வந்த இடம்

தையல்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டு வலது உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறார். உறை போட்ட தையல் மிஷினைத் தாண்டிக் காலை வெயில் அதில் வந்து விழுகிறது. மணிக்கட்டில் கண்ணாடி கிழித்த தழும்பு. அறுந்த நரம்பு வேர்போலக் கிளைவிட்டு விரல்நுனிவரை வளர வேண்டும். தட்டினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிற இடம்தான் அது வந்து சேர்ந்திருக்கும் இடம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் மனைவி விரல்நுனியிலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்து, எறும்பு வந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைக்கிறாள். மாதக்கணக்கில் புள்ளிமேல் புள்ளியாக மணிக்கட்டருகே ஒரே இடம் கறுத்துக் கிடக்கிறது.

“எறும்பு வந்துச்சா?”

“உன் எறும்புக்கு நம்ம வீட்டு அட்ரஸ் தெரியல போல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தட்டுக்கு ஓங்கிய விரல் அந்தரத்திலேயே நிற்கிறது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிறார். கிளம்ப மாட்டேன் என்கிறது.

“வந்துடுச்சு! நடுவிரல் அடியில. சுர்ருங்குது பாரேன்!” மூடிய இமையோரம் ஈரம் கசிய அவர் கத்துகிறார்.

அவள் இன்னும் தொடவே இல்லை.

“ஆமாங்க, அங்கதான் தட்டினேன்” என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து நடுவிரலடியில் அழுத்திப் புள்ளி வைக்கிறாள்.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்கிறார்: “புள்ளி வச்சுட்டியா?”