இரு கை அகலம்

கடற்கரையை ஒட்டி விடுதியின் மதில் எழுந்தபோது, ஊருக்குப் பொதுவழி விட வேண்டும் என்றது சட்டம். "எவ்வளவு அகலம் வேணும்?" என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி கேட்டார். ஊர் சார்பில் பேசப் போன கஸ்பார் எழுந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான். எங்களில் நீளமான கைகள் அவனுக்குத்தான். நாங்கள் கைதட்டினோம். விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை நாடா பிடித்து, ஆறடி இரண்டங்குலம் என்று எழுதிக்கொண்டார்கள். விடுதியின் இரண்டு மதில்களுக்கு நடுவே அதே அளவில் வழி வந்தது. வலையோடும் கூடையோடும் தாராளமாகப் போய்வந்தோம். மீன்பிடி வள்ளங்கள் மணலிலேயே கிடப்பவை. புயலுக்குத்தான் சாலைக்கு ஏறும்.

ஐப்பசியில் புயல் கூண்டு ஏற்றினார்கள். வள்ளங்களை இழுத்து வந்தோம். முதல் வள்ளமே இரண்டு மதில்களுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பின்னால் இன்னும் இருபத்தாறு. அவற்றுக்குப் பின்னால் அலை. மதில்மேல் ஏறிப் பார்த்தேன். விடுதியின் புல்தரையில், நனையாத கயிற்றால், கஸ்பாரின் வள்ளம் தென்னையோடு கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அவன் நின்றிருந்தான்.

"மச்சான், ஒன் வள்ளம் உள்ள வந்த அந்தப் பெரிய கேட்டைத் தெறக்கச் சொல்லு" என்றேன்.

"அளந்தப்ப எல்லாரும்தான கைதட்டுனிய" என்றான் கஸ்பார். பிறகு அந்த நீண்ட கைகளை மார்பில் கட்டிக்கொண்டான்.