மாடிக் கதவு

அந்தப் பழைய பேய்ப் படத்துக்கு செட் போட்ட தச்சருக்கு மதியத் தூக்கம் போய்ப் பல வருஷமாகிறது. வாரம் ஒரு ரசிகர் மறைபொருள் கேட்டு வாசலில் வந்து நிற்கிறார். படிகள் ஏன் பதினொன்று? பலகை தீர்ந்துவிட்டது. சுவர் ஏன் சிவப்பு? மிச்சம் இருந்த பெயின்ட் அதுதான்.

இன்று வந்தவர் பேராசிரியர். படத்தில் வரும் மாடிக் கதவு என்பது மனித மனத்தின் இருட்டறை என்று நானூறு பக்கம் எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தார்.

"சார், அது கதவே இல்ல. ஸ்டூடியோ சுவர்மேல ப்ளைவுட் அடிச்சு நானே வரைஞ்சது. கீல்கூடக் கிடையாது. புஸ்தகத்தைத் தூக்கிப் பரண்ல போடுங்க. நான் தூங்கணும்."

பேராசிரியரின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ கடைசியில அதைத் திறந்துட்டு வர்ற அம்மா யாருங்க?"

"எந்த அம்மா?" தச்சர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. செட்டைப் பிரித்து அடுக்கியதோடு சரி.

பேராசிரியர் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். தச்சர் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். மூன்று முறையும் கதவு சுவருக்குள் திறந்தது. அந்த அம்மா வெளியே வந்து, பின்னால் வருகிறவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.